குட்டி யானைக்கு எந்தத் தார்ப்பாய்? வாசகர் கேள்வி-பதில்

ஐப்பசி மழை நெருங்கினால் சரக்கு வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தார்ப்பாய் நினைப்பு வந்துவிடும். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் துணியின் தடிமனைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள். எனக்கென்னவோ துணியைவிட அதன் ஓரம்தான் முக்கியமாகப் படுகிறது.

டாடா ஏஸில் மளிகைச் சரக்கு ஓட்டுகிறேன். கடையில் 120 ஜி.எஸ்.எம்., 200, 250 என்று அடுக்குகிறார்கள். கையில் அதிகம் பணமில்லை. எதை வாங்குவது? என்ன அளவு? (திண்டுக்கல்)

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதுதான் ஜி.எஸ்.எம். எடை கூடினால் பொதுவாக உழைப்பும் கூடும். ஆனால் ஒரே ஜி.எஸ்.எம். உள்ள இரண்டு தார்ப்பாய்கள் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சில்பாலின் என்று கேட்டு வாங்குகிறோமே, அது பிளாஸ்டிக் படலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒட்டியது. எடை குறைவு, தண்ணீர் இறங்காது, மடித்து சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். நெய்த எச்.டி.பி.இ. தார்ப்பாய், பிளாஸ்டிக் நாடாவைப் பாய் போல நெய்து இரண்டு பக்கமும் பூச்சு கொடுத்தது. இழுத்துக் கட்டினால் தாங்கும். ஆனால் ஒரே இடத்தில் மடித்துக்கொண்டே இருந்தால் அந்த மடிப்பில் பூச்சு விட்டுப்போய் நீர் கசியும். மூன்றாவது, லாரிக்காரர்கள் போடும் பி.வி.சி. பூசிய துணி. 400 ஜி.எஸ்.எம்.முக்கு மேல் இருக்கும். நன்றாக உழைக்கும், விலையும் அதற்கேற்றபடி.

தினமும் மூடித் திறப்பவர் என்றால் 200 அல்லது 250 நெய்தது போதும். மழை நாளில் மட்டும் எடுப்பீர்கள் என்றால் மெல்லிய சில்பாலினே போதும். ஏஸுக்கு பி.வி.சி. தேவையில்லை என்பது என் கருத்து. அந்தக் கனத்தைத் தனியாளாக ஏற்றி இறக்குவதும் சிரமம்.

எதை வாங்கினாலும் யு.வி. பாதுகாப்பு உண்டா என்று கேளுங்கள். நம் ஊரில் தார்ப்பாயைக் கெடுப்பது மழையல்ல, வெயில். அந்தப் பாதுகாப்பு இல்லாத பாலித்தீன் வெயிலில் மொடமொடத்து, தொட்டால் உதிர ஆரம்பிக்கும். கறுப்பு நிறம் கார்பன் தூளால் வருவது என்பதால் வெயிலை நன்றாகத் தாங்கும். ஆனால் உள்ளே சூடு ஏறும்.

அடுத்து அளவு. ஏஸின் தொட்டி ஏறக்குறைய ஏழே கால் அடி நீளம், ஐந்தடி அகலம். சரக்கு மூன்றடி உயரம் ஏறும் என்று வைத்துக்கொள்வோம். அகலவாக்கில் ஐந்தும் இரண்டு பக்கம் மூன்று மூன்றும் சேர்ந்து பதினொன்று. கொக்கிக்குக் கீழே இறங்க அரை அரை அடி சேர்த்தால் பன்னிரண்டு. நீளவாக்கிலும் இதே கணக்குப் போட்டால் பதினாலே கால் வரும். 15-க்கு 12 அளவு சரியாக இருக்கும். ஓரம் மடித்துத் தைத்த பிறகு உள்ள அளவா, வெட்டியபோது உள்ள அளவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மடிப்பில் சில அங்குலம் போய்விடும்.

கடையில் தராசு இருந்தால் எடை போட்டுப் பாருங்கள். 15-க்கு 12 என்றால் 180 சதுர அடி, அதாவது 16.7 சதுர மீட்டர். உண்மையிலேயே 200 ஜி.எஸ்.எம். என்றால் மூன்றேகால் கிலோவுக்குக் குறையக் கூடாது. இரண்டு கிலோதான் இருக்கிறது என்றால் உங்கள் கையில் இருப்பது 120.

பிறகு ஓரம். மடிப்புக்குள் கயிறு ஓடுகிறதா, மூலைகளில் இரட்டைத் துணி இருக்கிறதா, கயிறு கோக்கும் ஓட்டைக்கு அடிக்கும் வளையம், அதாவது ஐலெட், துருப்பிடிக்காத பித்தளையா அலுமினியமா என்று பாருங்கள். ஐலெட்டுகள் மூன்றடிக்கு ஒன்றாக இருந்தால் தார்ப்பாய் தைக்கும் கடையில் கொடுத்து நடுவில் ஒவ்வொன்று கூடுதலாக அடித்துக்கொள்ளுங்கள். பெரிய செலவில்லை. 250-க்குப் பதில் 200 வாங்கி, மிச்சமாகும் காசை இதில் போடுவது புத்திசாலித்தனம்.

பழைய ஃப்ளெக்ஸ் பேனர் சும்மா கிடைக்கிறது. அதையே போட்டுக்கொண்டால் என்ன? (விழுப்புரம்)

போடலாம். ஊரில் பாதி வண்டிகளில் ஏதாவது ஒரு தலைவரோ, காதணி விழாக் குழந்தையோ சிரித்துக்கொண்டுதான் போகிறார்கள். ஃப்ளெக்ஸும் வலைத்துணி மேல் பி.வி.சி. ஒட்டியதுதான், மழையைத் தடுக்கும். ஆனால் சில நாள் நிறுத்தி வைக்கவே செய்த பொருள் அது. காற்றில் அடித்துக்கொண்டு ஓடத் தாங்காது. ஓர மடிப்பு இல்லாமல் கயிறு கட்டினால் கிழியத்தான் செய்யும். ஓரத்தை மடித்துத் தைத்து ஐலெட் அடித்துக்கொண்டால் ஒரு மழைக்காலம் ஓட்டலாம். கிழிந்தபின் எரித்துவிடாதீர்கள், பி.வி.சி. புகை நஞ்சு.

ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்கு பொலேரோ பிக்கப்பில் காய்கறி கொண்டுபோகிறேன். தார்ப்பாய் போட்டால் கத்தரியும் வெண்டையும் வியர்த்துப்போகின்றன. போடாவிட்டால் வாடுகின்றன. என்னதான் செய்வது?

பறித்த பிறகும் காய் மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்த மூச்சில் சூடும் ஈரமும் வரும். மேலே பிளாஸ்டிக்கை இறுக்கி மூடினால் அந்த ஈரம் போக வழியில்லாமல் தார்ப்பாயின் அடியில் முத்துமுத்தாகக் கட்டி, மறுபடி காய் மேலேயே சொட்டும். நீங்கள் வியர்வை என்று சொல்வது அதுதான். அழுகல் அங்கேதான் தொடங்கும்.

ஆகவே உங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு போர்வை வேண்டும். தினப்படிக்குப் பச்சை நிழல்வலை. பசுமைக்குடிலுக்குப் போடுவார்களே, அதேதான். 50 விழுக்காடு, 75 விழுக்காடு என்று நிழல் அளவைச் சொல்லி விற்பார்கள். வண்டிக்கு 75 எடுங்கள். வெயிலைத் தடுக்கும், காற்றின் வேகத்தைக் குறைக்கும், ஈரத்தை வெளியே விடும். அதற்கு மேல் மழைக்கு மட்டும் ஒரு மெல்லிய சில்பாலின். அதைக் காய்மேல் நேராகப் படியவிடாதீர்கள். மேல் வரிசைக் கிரேட்டுகளில் சிலவற்றைக் காலியாகக் கவிழ்த்து வைத்து இடைவெளி உண்டாக்கிவிட்டு மூடுங்கள். முன்பக்கம் முழுதாக மூடிப் பின்பக்கம் கீழே ஒரு சாண் திறந்துவிட்டால் நனையவும் நனையாது, மூச்சும் முட்டாது.

பழைய ஆட்கள் பருத்தி கான்வாஸ் போட்டார்கள். காய்க்கு அது நல்லதுதான், காற்று ஊடாடும். ஆனால் நனைந்தால் கனம் கூடிவிடும். காயவைக்காமல் மடித்தால் பூசணம் பிடிக்கும். இன்றைக்கு அதைப் பராமரிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது?

வெயிலேறிய பின் பறித்த காயை எதைப் போட்டு மூடினாலும் சூடு உள்ளேதான் நிற்கும். விடியற்காலையில் பறித்து, நிழலில் ஆறவிட்டு ஏற்றுங்கள். வண்டியில் போகும் செடிகள் கருகுகின்றன என்று எழுதிய, நாற்றுப்பண்ணை வைத்திருக்கும் ஓசூர் வாசகிக்கும் நிழல்வலைதான் பதில். நீங்கள் ஏற்றும் செடிகளின் இலை கருகுவது வெயிலால் மட்டுமல்ல, ஓடும் வண்டியின் காற்றாலும். நிழல்வலை போதும். முன்பக்கம் மட்டும் இரண்டு மடிப்பாகப் போடுங்கள்.

நாற்கரச் சாலையில் போனால் தார்ப்பாய் படபடவென்று அடித்து ஐலெட் பிய்ந்து வந்துவிடுகிறது. இதுவரை இரண்டு போய்விட்டன. கனமானதாக வாங்கட்டுமா? (உளுந்தூர்பேட்டை)

வேண்டாம். கட்டுவதை மாற்றுங்கள். காற்று முன்னாலிருந்து உள்ளே புகுந்தால் எவ்வளவு கனமான துணியானாலும் தூக்கும். முதலில் கேபின் பக்கத்தைக் கட்டுங்கள். முன் மூலைகளைப் பார்சல் கட்டுவது போல உள்ளே மடித்து, மடிப்பின் வாய் பின்பக்கம் பார்க்கும்படி வையுங்கள். பிறகு பக்கங்கள், கடைசியாகப் பின்பக்கம். மேலே குறுக்காக ஒரு கயிற்றையோ வலையையோ போட்டு இறுக்கினால் படபடப்பு நின்றுவிடும்.

நைலான் கயிறு நனைந்தால் நீளும். மழையில் கட்டிவிட்டுக் கிளம்பினால் சற்றுத் தூரம் போய் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். ஐலெட்டுக்கும் கொக்கிக்கும் நடுவில் பழைய டயர் டியூபை வார் வாராக வெட்டிப் போட்டால், அடி ஐலெட்டில் விழாமல் ரப்பர் வாங்கிக்கொள்ளும். பஞ்சர் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். கடையில் விற்கும் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு எனக்குப் பிடிக்காது. கை நழுவினால் அது கண்ணை நோக்கித்தான் வரும்.

இன்னொன்று. தார்ப்பாய் சரக்கை மூடத்தான், பிடித்துக்கொள்ள அல்ல. மூட்டைகளுக்குத் தனிக் கயிறு போட்டுவிட்டு அதன்மேல் மூடுங்கள்.

வளைவுக் கம்பி அடித்துக் கூண்டு மாதிரி செய்துகொள்ளலாம் என்கிறார்கள். ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா? (நாமக்கல்)

லாரிக்குப் பாடி கட்டுவதில் பேர் வாங்கிய ஊரிலிருந்து இந்தக் கேள்வி! வளைவு நல்ல யோசனைதான். மழைத்தண்ணீர் தேங்காது, துணி சரக்கில் உரசிக் கிழியாது. ஜி.ஐ. பைப்பில் மூன்று வளைவு செய்து, தொட்டியின் ஓரத்தில் போல்ட் போட்ட குழாய்க்குள் செருகி எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாதபோது கழற்றிவிடலாம்.

வெல்டிங் வைத்து நிரந்தரமாக்குவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. திறந்த தொட்டி என்று பதிவான வண்டியைக் கூண்டு வண்டியாக்கினால் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று வாங்கும்போது கேள்வி வரும். விபத்து என்றால் காப்பீட்டுக்காரரும் கேட்பார். பட்டறைக்குப் போகுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். கூண்டு வந்துவிட்டதே என்று சரக்கைப் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டி ஏற்றினால் 194-ஆம் பிரிவில் அபராதம் 20,000 ரூபாய். தார்ப்பாய் தொங்கி நம்பர் பிளேட்டையும் பின்விளக்கையும் மறைக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூண்டும் தார்ப்பாயும் போட்டு விசேஷத்துக்கு ஆள் ஏற்றலாமா?

கூடாது. அது சரக்கு வண்டி.

இசுஸு வி-க்ராஸ் வைத்திருக்கிறேன். கம்பெனி ரோலர் மூடி விலை கேட்டுத் தலை சுற்றியது. மலிவாக, கழற்றி மாட்டும்படி வழி உண்டா? (கோவை)

உண்டு. இரட்டைக் கேபின் வண்டியின் தொட்டி ஏறக்குறைய ஐந்தடிக்கு ஐந்தடிதான். அதற்கு மேலாகத் தட்டையாக மூடும் துணி மூடி போதும். மேலை நாடுகளில் பிக்கப் வைத்திருப்பவர்கள் பலரும் போடுவது சுருட்டும் வகை. இரண்டு ஓரத்திலும் அலுமினியச் சட்டம், அதை உள்பக்கம் கிளாம்ப் வைத்து இறுக்குவார்கள். துணியின் ஓரம் வெல்க்ரோவில் ஒட்டும். பெரிய சரக்கு ஏற்றும்போது கேபின் பக்கம் சுருட்டி வாரால் கட்டிவிடலாம். ஆன்லைனில் வாங்கினால் உங்கள் மாடலுக்கும் ஆண்டுக்கும் பொருந்துமா, தொட்டிக்குள் உள்லைனர் என்ற உறை இருந்தால் கிளாம்ப் நிற்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவும் கட்டுப்படவில்லை என்றால் கார் சீட் தைக்கும் கடைக்காரரிடம் பி.வி.சி. பூசிய துணியில் தைக்கச் சொல்லுங்கள். தொட்டியில் துளைபோட்டுப் பட்டன் அடிக்க மட்டும் விடாதீர்கள். துளை போட்ட இடத்தில் துரு ஏறும், வாரண்டியிலும் வம்பு வரும். ஓரக் கயிற்றைத் தொட்டியின் உள்வளையங்களில் மாட்டிக்கொள்ளலாம். தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும் என்பதால், இணைப்பைச் சூடு வைத்து ஒட்டித் தரும் ஆள் கிடைத்தால் அவரிடமே போங்கள்.

தட்டை மூடியின் பெரிய எதிரி தேங்கும் தண்ணீர். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் நீர் நின்றால் 22 கிலோவுக்கு மேல். நடுவில் குறுக்காக இரண்டு கம்பி கொடுத்து லேசாக மேடாக்குங்கள். துணி மூடி மழையைத் தடுக்கும், திருடனைத் தடுக்காது. கருவிப் பெட்டி வைப்பவர் என்றால் பூட்டும் கடினமூடிக்குத்தான் காசு சேர்க்க வேண்டும்.

மூடினால் டீசல் மிச்சமாகுமா?

அதை நம்பி வாங்காதீர்கள். தளர்வாகக் கட்டிய தார்ப்பாய் காற்றை இழுத்து டீசலைக் கூடத்தான் குடிக்கும்.

எம்-சாண்ட் ஓட்டுகிறேன். ஈர மணல்தானே, மூட வேண்டுமா? (செங்கல்பட்டு)

மூடுங்கள். அரைமணி நேர வெயிலில் மேல்மணல் காய்ந்துவிடும். பின்னால் பைக்கில் வருபவரின் கண்ணில்தான் விழும். இதற்குப் புதுத் தார்ப்பாய் வேண்டியதில்லை, பழையதே போதும்.

சிமெண்டு ஏற்றுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: மேலே மூடினால் மட்டும் போதாது. சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் தொட்டித் தகட்டின் இடுக்கு வழியாகக் கீழிருந்து ஏறும். அடியிலும் ஒன்று விரியுங்கள்.

கிழிந்த தார்ப்பாயை சைக்கிள் டியூப் பசை வைத்து ஒட்டினேன், நிற்கவில்லை. (தஞ்சாவூர்)

நிற்காது. பாலித்தீனில் எந்தச் சாதாரணப் பசையும் பிடிக்காது. சில்பாலினுக்கும் எச்.டி.பி.இ.க்கும் தார்ப்பாய் டேப் என்றே கேட்டு வாங்கி, துடைத்துக் காயவைத்து, இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். பி.வி.சி. என்றால் அதற்கான பசையோ சூட்டுக்காற்று மெஷினோ போதும், ஒட்டு நன்றாக நிற்கும். கான்வாஸுக்குக் கோணி ஊசி. ஐலெட் பிய்ந்த இடத்தில் ஒட்டு மட்டும் போட்டுப் பயனில்லை. ஓர் உள்ளங்கை அளவு துணியை இரட்டையாக வைத்துத் தைத்து, பழைய துளையிலிருந்து சற்றுத் தள்ளிப் புது ஐலெட் அடியுங்கள். மழை விட்டதும் ஒரு நாள் கொடியில் போட்டுக் காயவைத்த பிறகே மடியுங்கள். ஒவ்வொரு முறையும் மடிப்பு வேறு இடத்தில் விழட்டும்.