ஸ்விஃப்டை விற்றுவிட்டு ஸ்போர்ட்ஸ் காரா? வாகனக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணாச்சி, செங்கோட்டையில் இருந்து தினமும் புனலூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு தனியார் மருத்துவமனையில் லேப், காலை 8 மணி டூட்டி. கொச்சியில் 2011 மாடல் பி.எம்.டபிள்யூ இசட்4 35ஐ ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. இப்போது இருக்கும் ஸ்விஃப்டை விற்று, மீதிக்கு லோன் போட்டு வாங்கி தினமும் ஓட்டலாம் என்று ஆசை. வீட்டில் எல்லாரும் திட்டுகிறார்கள். நீங்களாவது சரி என்று சொல்லுங்கள்.
- வாசகர், செங்கோட்டை

பதில்: சரி தம்பி, வாங்குங்கள். ஆனால் ஸ்விஃப்டை விற்காதீர்கள். அதை விற்றால்தான் இது வாங்க முடியும் என்றால், வேண்டாம்.

வண்டி மோசம் என்று சொல்லவில்லை. மூன்று லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன், பட்டனை அழுத்தினால் சுமார் இருபது வினாடியில் இரும்புக் கூரை மடிந்து டிக்கிக்குள் போய்விடும். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் உங்கள் ரோட்டை நினைத்துப் பாருங்கள். புளியரை எஸ் வளைவில் ஏறும்போது முன்னால் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். ஆரியங்காவு வரைக்கும் அதன் பின்னால்தான் போகப் போகிறீர்கள், அதற்கு 306 குதிரை எதற்கு, ஸ்விஃப்டின் குதிரைகளே பாதி நேரம் சும்மாதான் இருக்கும். சாரல் தொடங்கிவிட்டால் இன்னும் சிக்கல். பின்சக்கரத்தில் இழுக்கிற வண்டி, அகலமான டயர், ஈர ரோடு, எதிரே வளைவை வெட்டி வரும் பஸ். ஸ்டெப்னியும் கிடையாது, ரன்ஃப்ளாட் டயர்தான். பஞ்சர் ஆனாலும் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்பது உண்மை. ஆனால் குழியில் விழுந்து டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்த அளவு டயர் தென்காசியில் உடனே கிடைக்கும் என்று நம்ப முடியாது, மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும். அந்த நாட்களில் எதில் டூட்டிக்குப் போவீர்கள்?

என் கவலை முழுக்க இதுதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் அவ்வப்போது நின்றுதான் தீரும், நிற்கட்டும், தப்பில்லை. ஆனால் அது நின்றால் உங்கள் சம்பளமும் நிற்கும் என்ற நிலையில் வாங்கக் கூடாது.

இந்த எஞ்சினுக்கு, என்54 என்பார்கள், சில பழைய வியாதிகள் உண்டு. உயர் அழுத்தப் பெட்ரோல் பம்ப் பிரச்சினைக்காக அமெரிக்காவில் 2010-லேயே கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்சாரத்தில் ஓடுகிறது. பல நேரம் எந்த அறிகுறியும் காட்டாமல் போய்விடும், எஞ்சின் சூடாகி வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டு நொண்டும். இது கழுதுருட்டிப் பக்கம் ஏற்றத்தில் நடந்தால், ஊரில் இருக்கும் கொக்கி கிரேனை மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். தாழ்ந்த வண்டி, பம்பர் கையோடு வந்துவிடும். தட்டையான ஃபிளாட்பெட் லாரிதான் வர வேண்டும். இது போக, இப்போது நமக்குக் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், 2011 வண்டி அதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் ஹோஸ், சீல் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

62,000 கிலோமீட்டர்தான் என்று மயங்காதீர்கள். ரப்பருக்கும் கேஸ்கட்டுக்கும் கிலோமீட்டர் கணக்கு தெரியாது, வருஷக் கணக்குதான். பார்க்கப் போகும்போது, நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். கூரையை நாலைந்து முறை திறந்து மூடச் சொல்லுங்கள். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கி ஈரம் இருக்கிறதா பாருங்கள், கொச்சி மழையில் வளர்ந்த வண்டி. ஆயில் ஃபில்டர் ஹவுசிங் பக்கம் கசிவு இருக்கிறதா, ஸ்கேனரில் என்ன பிழைக் குறியீடு வருகிறது என்பதை விற்பவரின் மெக்கானிக் அல்ல, நீங்கள் காசு கொடுத்துக் கூட்டிப் போகும் மெக்கானிக் பார்க்கட்டும்.

பேப்பர் விஷயத்தில் ஒரு பெரிய செலவு காத்திருக்கிறது. 2011-ல் பதிவான வண்டிக்கு 2026-ல் 15 வருடம் முடிகிறது. இசட்4 ஜெர்மனியில் செய்து அப்படியே கொண்டுவந்த வண்டி. இறக்குமதிக் கார்களுக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் இருந்து 40,000 ரூபாய். நீங்கள் தென்காசி மாவட்டத்துக்காரர், அதனால் கேரள ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என்.76 நம்பர் போட வேண்டும். இதையெல்லாம் விலை பேசும்போதே சொல்லிக் குறையுங்கள். விலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு தொகையாவது ரிப்பேருக்கென்று கையில் வேண்டும், அதுவும் லோன் இல்லாத பணமாக.

வீட்டில் திட்டுவது பற்றி: ரெண்டே சீட் வண்டி வாங்கினால் திட்டத்தான் செய்வார்கள், குடும்பத்தோடு குற்றாலத்துக்குக்கூடப் போக முடியாதே.

கேள்வி: 2007 போர்ஷே பாக்ஸ்டர், புதுச்சேரி நம்பர், ரொம்பக் குறைந்த விலை. வாங்கி தினமும் திருவனந்தபுரம் போய் வரலாமா?
- வாசகர், களியக்காவிளை

பதில்: ரொம்பக் குறைந்த விலை என்றீர்கள் பாருங்கள், அங்கேயே நிறுத்திவிடலாம். வரியை மிச்சம் பிடிக்கப் பொய் முகவரியில் புதுச்சேரிப் பதிவு செய்த சொகுசுக் கார்கள் மேல் 2017-ல் கேரளத்தில் வழக்குகள் வந்தன. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாகக் கடத்தி வந்ததாகச் சந்தேகப்பட்டு சுங்கத்துறை கேரளத்தில் பல வண்டிகளைப் பிடித்தது. அவற்றில் காசு கொடுத்து வாங்கியவர்களின் வண்டிகளும் உண்டு. சேஸிஸ் நம்பரையும் முதல் ஓனரின் முகவரியையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வேறு மாநில நம்பரை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டவும் முடியாது.

பேப்பர் சுத்தமாகவே இருந்தாலும் 2008 வரைக்குமான பாக்ஸ்டர் எஞ்சினில் ஐ.எம்.எஸ். பேரிங் என்று ஒன்று இருக்கிறது, எஞ்சினுக்குள் சுழலும் இடைத்தண்டைத் தாங்குவது, அது உடைந்தால் எஞ்சினே போச்சு. 2009 மாடலில் இருந்து வந்த எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. காசு கூடினாலும் அதைத் தேடுங்கள்.

கேள்வி: ஆடி டிடி 2010, பின்சீட்டில் என் ரெண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாமா?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சின்ன வகுப்பு என்றால் விடலாம். எட்டாம் வகுப்பு என்றால் தலை பின் கண்ணாடியில் இடிக்கும், புத்தகப் பையை மடியில்தான் வைக்க வேண்டும். எஸ்-டிரானிக் என்கிற அதன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பில் இல்லை என்றால் வேறு வண்டி பாருங்கள்.