பதில்: டட்சன் 620 பிக்கப்பைத் தாழ்த்திய பிறகு பின்பக்கம் இடிக்கிறது

வணக்கம். பின் வில்லில் (தகடுகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங்) இரண்டு தகடுகளைக் கழற்றித் தாழ்த்தியதாகவும், முன்பக்கத்தையும் இறக்கியதில் ரயர் உள்விளிம்பில் தேய்வதாகவும், சுன்னாகம் சந்தைக்கு வெங்காய மூட்டை ஏற்றினால் அச்சு 'டங்' என்று இடிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இடிக்காமல் என்ன செய்யும்? சுமையைத் தாங்குவதே அந்தத் தகடுகள்தான். முதலில் அவற்றைத் திரும்பப் பூட்டுங்கள்.

உயரத்தைக் குறைக்க, வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்து, அதற்கேற்ற நீளமான புதிய யூ போல்ட்டுகளால் இறுக்குங்கள். மரக்கட்டை வேண்டவே வேண்டாம். இரண்டு அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் மூட்டையோடு ஒழுங்கை மதகுகளில் ஏறி இறங்குவது பெரும்பாடு.

முன்பக்கம் சுருள்வில் இல்லை, முறுக்குக் கம்பிதான் (டோர்ஷன் பார்: முறுகி, வில்லைப் போலச் சுமை தாங்கும் கம்பி). சரிசெய்யும் நட்டைத் தளர்த்தினாலே இறங்கும். இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிவிட்டு அளந்து பாருங்கள். உருட்டாமல் எடுக்கும் அளவு பொய் சொல்லும். முன் ரயர் உள்விளிம்பில் தேய்வதற்கும் காரணம் இந்த இறக்கமே: சக்கரத்தின் மேற்பகுதி உள்ளே சாய்ந்திருக்கும். வீல் அலைன்மென்ட் செய்யாமல் புது ரயர் வாங்காதீர்கள்.

சுமை ஏற்றிய நிலையில் பிரேக் குழாய் எங்காவது உரசுகிறதா என்றும் குனிந்து பாருங்கள்.