மீட்டர் 6,200 மணி சொல்கிறது, ஜேசிபியின் பின்னும் (pin) புஷ்ஷும் (bush) என்ன சொல்கின்றன?

கேள்வி: ராயக்கோட்டை பக்கம் பல வருடமாக ஜேசிபி ஓட்டுகிறேன். இனி சொந்தமாக ஒரு வண்டி வைக்கலாம் என்று இருக்கிறேன். ஆனேக்கல்லில் 2017 மாடல் 3டிஎக்ஸ் ஜேசிபி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கர்நாடகப் பதிவு, ஒரே ஓனர், ஹவர் மீட்டரில் 6,200 மணி. விவசாய வேலை மட்டும்தான் செய்தது என்கிறார் புரோக்கர். 14 லட்சம் கேட்கிறார்கள். வாங்கலாமா? வாங்கினால் பாறை உடைக்கும் பிரேக்கர் மாட்டி அந்த வேலைக்கும் விடலாமா?

பதில்: முதலில் அந்த 6,200-ஐக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எட்டு வருடம் ஓடியது என்று வைத்தால் மாதத்துக்கு சுமார் 65 மணி. 25 நாள் வேலை என்றால் நாளுக்கு இரண்டரை மணி. அன்றைய வாடகையை மணிக்கு 800 ரூபாய் என்று வைத்தால் மாத வரவு 52,000. வண்டியைப் புதிதாக எடுத்தபோது 20 லட்சம் கடன் வாங்கியிருந்தால், நாலு வருடத் தவணையே மாதம் 50,000-ஐத் தொட்டிருக்கும். டீசலும் டிரைவர் சம்பளமும் எங்கிருந்து வந்திருக்கும்? வாடகைக்கு விட்ட வண்டி வருடத்துக்கு ஆயிரம் மணிக்கு மேல் ஓடாமல் பிழைக்காது. சொந்தச் செங்கல் சூளைக்கோ தோட்டத்துக்கோ வைத்திருந்த வண்டி என்றால் 6,200 நடக்கக்கூடியதுதான். அப்படியானால் அதைக் காட்ட ரசீது இருக்க வேண்டும்.

மீட்டரை மாற்றுவது பெரிய வித்தையே இல்லை. அதனால் வண்டியின் சீரியல் நம்பரைக் குறித்துக்கொண்டு, ஓனரையும் கூட்டிக்கொண்டு, அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் போங்கள். எந்தத் தேதியில் எத்தனை மணியில் சர்வீஸ் நடந்தது என்று அவர்கள் பதிவில் இருக்கும். லைவ்லிங்க் (வண்டியின் ஓட்டத்தைத் தூரத்திலிருந்தே பதிவு செய்யும் ஜேசிபி கருவி) பொருத்திய வண்டி என்றால் ஓடிய மணிக்கணக்கு அதிலும் கிடைக்க வாய்ப்பு உண்டு. 2021-இல் போட்ட சர்வீஸ் ரசீதிலேயே 7,000 என்று இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. ஓனர் டீலரிடம் வரத் தயங்கினாலும் அதே அர்த்தம்தான்.

இனி வண்டிக்கு வருவோம். புது பெயின்ட்டைப் பார்த்து மயங்குகிற ஆள் நீங்கள் இல்லை, ஓட்டியவர். ஆனால் ஓட்டுகிறவர் கண் வேறு, வாங்குகிறவர் கண் வேறு. ஓட்டுகிறவர் வண்டி இழுக்கிறதா என்று பார்ப்பார். வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது கிரீஸ். தினமும் பத்து மணி ஓட்டத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்காத ஓனர், ஆயிலையும் ஃபில்டரையும் நேரத்துக்கு மாற்றியிருக்க மாட்டார். ஆயிலை இன்று மாற்றி நேற்றைய பாவத்தை மறைத்துவிடலாம். மூட்டுகளைக் கோக்கும் இரும்புத் தண்டுதான் பின், அது உட்காரும் உலோக வளையம்தான் புஷ். தேய்ந்த புஷ்ஷை அப்படி மறைக்க முடியாது.

ஸ்டெபிலைசரை (பின்பக்கத் தாங்கு கால்களை) இறக்கி வண்டியை நிறுத்துங்கள். பின்னால் உள்ள தோண்டும் கையின் இரண்டு பகுதிகளான பூமையும் டிப்பரையும் முழுசாக நீட்டி, பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு அடி தூக்கி வையுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு, பக்கெட்டின் பக்கவாட்டில் நின்று இடமும் வலமும் தள்ளுங்கள். கால்களைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பக்கெட்டுக்கு அடியில் வேண்டாம். லேசான ஆட்டம் எல்லாப் பழைய வண்டியிலும் உண்டு. ஆட்டம் எங்கே பிறக்கிறது என்பதுதான் விஷயம். பக்கெட் பின்னில் மட்டும் என்றால் பின், புஷ் மாற்றினால் சரியாகிவிடும். கிங்போஸ்டில் (பூம் இடமும் வலமும் திரும்பும் அடி மூட்டில்) டக் டக் என்று சத்தம் கேட்டால், பின் மட்டுமல்ல, பின் உட்காரும் ஓட்டையே நீள்வட்டமாகியிருக்கலாம். அதற்கு லைன் போரிங் செய்து, அதாவது ஓட்டையை வட்டமாகக் கடைந்து, புஷ் போட வேண்டும். செலவு ஒரு பக்கம், வண்டி பட்டறையில் படுத்திருக்கும் நாட்கள் இன்னொரு பக்கம். கிங்போஸ்டைச் சுற்றியும் பூமின் அடிப்பக்கத்திலும் முன்பக்கத்து லோடர் கை சட்டத்தோடு சேரும் இடத்திலும் வெல்டிங் தடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் அடித்தாலும் தடம் கைக்குத் தெரியும்.

அப்படித் தடவும்போது ஹோஸ் கசிவை மட்டும் கையால் தேடாதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் ஹைட்ராலிக் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், விரலையே இழக்க நேரிடலாம். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், போதும்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். நீங்கள் போய்ச் சேருவதற்குள் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் விடியற்காலை சொல்லாமல் போங்கள். ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். பேக் கம்ப்ரஷன் (இன்ஜின் உள்ளிருந்து வரும் காற்றும் புகையும்) பலமாக அடித்தால் இன்ஜின் வேலை காத்திருக்கிறது. 2017 மாடல் பிஎஸ்-3 என்ற பழைய புகை விதிக் காலத்து வண்டி, எலக்ட்ரானிக்ஸ் தொல்லை குறைவு. இந்த ரகத்தில் 2021 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பிஎஸ்-4 வண்டி என்றால் கோளாறு பார்க்கக் கம்ப்யூட்டர் மாட்ட வேண்டியிருக்கும். உங்கள் ஊர் மெக்கானிக்கை நம்பிப் பிழைப்பு நடத்தப் போகிறீர்கள் என்றால் பழசு ஒருவகையில் நல்லதே.

அப்புறம் வண்டியைக் குறைந்தது ஒரு மணி நேரம் வேலை வாங்குங்கள். பம்ப் தேய்ந்ததும் கியர்பாக்ஸ் வழுக்குவதும் ஆயில் சூடேறி இளகிய பிறகுதான் தெரியும். முதல் கியரில் மண்மேட்டில் லோடரைக் குத்தித் தள்ளுங்கள். சக்கரம் சுழல வேண்டும், இல்லை இன்ஜின் திணற வேண்டும். இன்ஜின் மட்டும் இரைந்து சக்கரம் சும்மா நின்றால் டார்க் கன்வெர்ட்டர் அல்லது கிளட்ச் பிளேட் போயிருக்கிறது. முன்னும் பின்னும் மாற்றும்போது ஓரிரு நொடி தாமதித்து உதைத்தாலும் சந்தேகப்படுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் கருகிய வாடை அடிக்கக் கூடாது. ஹைட்ராலிக் ஆயில் மோர் நிறத்தில் இருக்கக் கூடாது, இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கடைசியாக பக்கெட்டில் மண்ணோடு லோடரைத் தூக்கி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கினால் சிலிண்டர் சீல் அல்லது வால்வு கசிகிறது. சீல் என்றால் சின்ன வேலை.

டயரை மறந்துவிடாதீர்கள். நாலையும் மாற்ற நேர்ந்தால் லட்சத்தை ஒட்டி வரும், விலையில் கழிக்க வேண்டிய தொகை அது.

காகித விஷயம். ரப்பர் டயர் ஓடும் பேக்ஹோ (3டிஎக்ஸ் அந்த ரகம்தான்) பதிவுக்கு உட்பட்ட வண்டி. எம்பரிவாகன் செயலியில் பதிவு எண்ணைப் போட்டு எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், கடன் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பழைய கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் என்ஓசியும் (தடையில்லாச் சான்றும்) கடன் முடிந்ததைக் காட்டும், கையெழுத்திட்ட படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். உங்களுக்கு மாநிலமும் மாறுகிறது. கர்நாடக ஆர்டிஓவின் என்ஓசிக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்கு 29, 30. இங்கே வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்த வரியை முன்கூட்டியே ஓசூர் ஆர்டிஓவில் விசாரித்து, 14 லட்சத்தோடு கூட்டிப் பாருங்கள். பக்கத்து ஊர் வண்டி என்று தோன்றும், ஆனால் இந்தச் செலவைச் சேர்த்தால் தமிழ்நாட்டுப் பதிவு வண்டியே லாபமாக இருக்கக்கூடும்.

என் கருத்தைக் கேட்டால், ரசீது இல்லாத பட்சத்தில் இதை 10,000 மணி ஓடிய வண்டியாக நினைத்து விலை பேசுங்கள். கிங்போஸ்டும் கியர்பாக்ஸும் சரியாக இருந்தால் மற்றதைப் பேரம் பேசி எடுக்கலாம். இரண்டில் ஒன்று மோசம் என்றால் இரண்டு லட்சம் குறைத்தாலும் விட்டுவிடுங்கள். எந்த விலைக்கு வாங்கினாலும் கையில் ஒன்றரை லட்சமாவது மிச்சம் இருக்கட்டும். கையிருப்பை எல்லாம் கொட்டி வண்டி வாங்கிவிட்டு, முதல் ஹோஸ் வெடித்தபோது கடன் தேடுகிறவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

வாங்கிய முதல் வாரத்தில் எல்லா ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, அந்தத் தேதியையும் மணியையும் நோட்டில் எழுதுங்கள். அங்கிருந்து புத்தகத்தில் சொன்ன இடைவெளி. ரேடியேட்டரில் உங்கள் பக்கத்து போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்புப் படிந்து அடைத்துவிடும். கூலன்ட் மட்டும் ஊற்றுங்கள். ஏர் ஃபில்டரை கம்ப்ரஸர் காற்றால் பலமாக ஊதினால் பேப்பரில் நுண்ணிய கிழிசல் விழும், அதன் வழியாகப் போகும் புழுதி இன்ஜினைத் தின்றுவிடும். உள் ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். டீசலைக் கேனில் வாங்கி ஊற்றுவது தவிர்க்க முடியாது என்று தெரியும். தினமும் காலையில் வாட்டர் செப்பரேட்டரைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். கிரீஸ் அடிக்கும்போது பக்கெட் தரையில் படுத்திருக்கட்டும், பின்மேல் பாரம் இருந்தால் ஒரு பக்கம் கிரீஸே போகாது.

பிரேக்கர்? இந்த வண்டியில் வேண்டாம். ஏற்கெனவே மாட்டியிருந்தார்களா என்பதையும் பாருங்கள், பூம் ஓரமாகக் கூடுதல் பைப் லைனோ அதைக் கழற்றிய கிளாம்ப் தடமோ இருந்தால் "விவசாய வேலை மட்டும்" என்ற பேச்சு பொய். பிரேக்கரின் அதிர்வு முழுக்க பூமிலும் கிங்போஸ்டிலும்தான் இறங்கும். ஆயில் சூடேறும், புழுதி உள்ளே போகும், ஹைட்ராலிக் ஆயிலைச் சீக்கிரமே மாற்ற வேண்டி வரும். உளிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் வைக்க வேண்டும், அதை எந்த டிரைவரும் ஒழுங்காகச் செய்வதில்லை. பாறை வேலை கிடைத்தால் அன்றைக்கு மட்டும் பிரேக்கர் மாட்டிய செயின் வண்டியை (சங்கிலித் தடத்தில் ஓடும் எக்ஸ்கவேட்டரை) வாடகைக்கு எடுத்து, உங்கள் வண்டியால் உடைத்த கல்லை அள்ளுங்கள்.