மதகுக்கு மேலே மீன் ஏற வேண்டுமானால்

கேள்வி: குளத்திலிருந்து வயல்வெளி ஊடாக வழுக்கையாற்றுக்குப் போகும் எங்கள் வாய்க்காலை வீதி கடக்கிறது. 600 மி.மீ. ஹியூம் குழாய் (வட்டக் கொங்கிறீற் குழாய்) இரண்டு போட்ட பழைய மதகு. மாரியில் கெண்டையும் விராலும் மேலே ஏறாமல் மதகடியிலேயே நிற்கின்றன. ஆட்கள் பறி வைத்து அள்ளுகிறார்கள். வீதி திருத்தும்போது மதகை எப்படிக் கட்டச் சொல்வது? – சண்டிலிப்பாய் வாசகர்

யாழ்ப்பாணம் தட்டை நிலம். மீன் ஏற முடியாத சரிவு உங்கள் வாய்க்காலில் இருக்க வாய்ப்பில்லை. மீனை மறிப்பது மதகேதான்.

கணக்குப் பாருங்கள். வாய்க்கால் 2.5 மீற்றர் அகலம், நீர் அரை மீற்றர் ஆழம் என்றால் ஓட்டத்தின் குறுக்குவெட்டு 1.25 சதுர மீற்றர். இரண்டு குழாயும் நிரம்பி ஓடினாலும் 0.57தான். வாய்க்காலில் விநாடிக்கு 40 செ.மீ. வேகத்தில் வரும் நீர் குழாய்க்குள் 90 செ.மீ. வரை போகும். சிறுமீன் முழு மூச்சாகப் பாய்ந்தால் விநாடிக்கு ஏறக்குறைய தன் உடல் நீளத்தின் பத்து மடங்கு, அதுவும் சில விநாடிகளுக்கே. 6 செ.மீ. கெண்டைக்கு அது 60 செ.மீ. குழாய் அதை வெளியே தள்ளிவிடும். அந்த வேகமே வெளிவாயில் குழி பறிக்கும். சில மாரி கழிய, குழாயின் விளிம்பு நீருக்கு மேலே தொங்கும். பனையேறியும் விலாங்கும் ஈரத்தில் ஊர்ந்து ஏறுவதைக் கண்டு மதகு சரி என்று நினைக்க வேண்டாம். கெண்டை ஏறுகிறதா என்பதே சோதனை.

புதிய மதகின் அகலத்தை வாய்க்காலிடம்தான் கேட்க வேண்டும். மதகிலிருந்து 30 மீற்றருக்கு அப்பால், மேலும் கீழுமாக ஐந்தாறு இடங்களில், கரை தளும்பும் மட்டத்தில் அகலத்தை அளந்து சராசரி எடுங்கள். அதை 1.2ஆல் பெருக்கி 0.6 மீற்றர் கூட்டினால் மதகின் உள்ளகலம் வரும்: 2.5 மீற்றர் வாய்க்காலுக்கு 3.6 மீற்றர். வெள்ளக் கணக்கைப் பொறியியலாளர் தனியே பார்க்கட்டும்; அது இதைவிடக் கூடக் கேட்டால் அதையே எடுங்கள்.

எங்கள் தெரிவு அடியில் கொங்கிறீற் தரை இல்லாத பலகை மதகு: இரு பக்கமும் சுவர், மேலே கொங்கிறீற் பலகை, நடுவில் வாய்க்காலின் சொந்த மண். சுண்ணக்கல் பாறை ஆழமில்லாமல் கிடைக்கும் இடத்தில் சுவரை அதன்மேலேயே நிறுத்தலாம். களிமண் ஆழமான இடமென்றால் பெட்டி மதகு (தரை, சுவர், கூரை எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்த கொங்கிறீற் பெட்டி) போடுங்கள். ஆனால் உயரத்தில் குறைந்தது ஐந்திலொரு பங்கு வாய்க்கால் அடிமட்டத்துக்குக் கீழே புதைய வேண்டும். 1.5 மீற்றர் பெட்டிக்கு 30 செ.மீ. அதற்குள் வெறும் கருங்கல்லைக் கொட்டினால் நீர் கற்களுக்கிடையே இறங்கிவிடும், மீனுக்கு மேலே ஒன்றும் மிஞ்சாது. மண், மணல், சிறுகல் கலந்து நிரப்பி, நடுவில் சற்றுத் தாழ்வாக ஒரு ஓடை விடுங்கள்.

அதிகம் பிழைப்பது மட்டத்தில்தான். பழைய மதகின் மேற்பக்கத்தில் வண்டல் படிந்து உயர்ந்திருக்கும், கீழ்ப்பக்கத்தில் குழி. இந்த இரண்டில் எதையும் பார்த்து மட்டம் குறித்தால் புதிய மதகும் ஒன்றில் தொங்கும், இல்லையேல் அடைபடும். இரு பக்கமும் 50 மீற்றருக்குக் குறையாமல் மட்டம் பிடித்து, குழப்பமில்லாத அடிமட்டங்களை நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோட்டிலேயே மதகின் தரையை வையுங்கள்.

வேலையை ஆவணி, புரட்டாதியில் முடியுங்கள், வாய்க்கால் காய்ந்திருக்கும். மதகின் வாய்க்கு நெருக்கமான கம்பி அடைப்புப் போட வேண்டாம். பிளாஸ்ரிக் பையும் பனையோலையும் சிக்கி அதுவே அணையாகிவிடும்.

வழுக்கையாறு கடல்நீரேரியில் சேரும் இடத்திலுள்ள அராலித் தடுப்பணையின் கதை வேறு. அது உவர்நீரை மறிக்கக் கட்டியது. கடல்நீரேரி மீனுக்காக அதில் கைவைக்கக் கூடாது. இந்த மதகு குளத்துக்கும் வயலுக்கும் இடையே ஓடும் நன்னீர் மீனுக்கானது.

பணம் வர ஆண்டுகள் ஆகுமென்றால், வெளிவாய்க்குக் கீழே 20 முதல் 40 செ.மீ. கற்களால் 20க்கு 1 சரிவில் மேடை அடுக்குங்கள். விளிம்பு 30 செ.மீ. தொங்கினால் மேடை 6 மீற்றர் நீளம் வரும். கல்லிடுக்குகளை மண்ணும் சிறுகல்லும் இட்டு இறுக்கி, நடுவை 15 செ.மீ. தாழ்த்துங்கள். மேடையின் தலை குழாயின் அடியைவிடச் சற்று உயர்ந்திருந்தால் நீர் குழாய்க்குள் எதிர்த்துத் தேங்கி வேகமும் குறையும். முதல் வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்து, உருண்ட கற்களைத் திரும்ப அடுக்க வேண்டியிருக்கும்.