மறுமதிப்பீட்டு முடிவுக்குக் காத்திருப்போர்: சொக்சோ கேள்வி-பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஒரே கவலையைச் சுமந்து வந்திருக்கின்றன. சொக்சோ எனப்படும் மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் மருத்துவ வாரியத்தின் முன் மறுமதிப்பீட்டுக்குப் போய்வந்தாயிற்று, முடிவு மட்டும் வரவில்லை, வந்தால் பென்சன் குறையுமா, நிற்குமா என்ற கவலை. எழுதும் அனைவரையும் மீண்டும் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன்: உங்களுக்குக் கிடைப்பது வேலை விபத்துத் திட்டத்தின் நிரந்தர ஊனத் தொகையா, இயலாமைத் திட்டத்தின் பென்சனா என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். இரண்டும் சொக்சோதான், இரண்டும் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்குச் சொல்லும் பதில் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

கேள்வி (செந்தூல்): வேலையிடத்தில் விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதற்குத் தற்காலிக மதிப்பீடு கொடுத்திருந்தார்கள். மறுமதிப்பீடு முடிந்து மூன்று மாதமாகிறது. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் எரிச்சலடைந்து முடிவை மாற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தயங்காமல் போய்க் கேளுங்கள். ஊன விழுக்காட்டை நிர்ணயிப்பது மருத்துவ வாரியம். முகப்பில் அமர்ந்திருக்கும் அலுவலரால் அதை மாற்ற முடியாது. "முடிவு வந்ததா" என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாமல், வாரியத்தின் அறிக்கை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்ததா, கோப்பில் ஏதேனும் ஆவணம் குறைகிறதா, என் முகவரி எதுவாகப் பதிவாகியிருக்கிறது என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதை அலட்சியப்படுத்த வேண்டாம். வாடகை வீடு மாறியவர்களுடைய கடிதம் பழைய பிளாட்டின் தபால் பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பேசிய அலுவலரின் பெயரையும் தேதியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): நிரந்தர ஊனத்துக்கு இறுதி மதிப்பீடு முடிந்து மாதத் தொகை வாங்குகிறேன். காவலாளி வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. போனால் தொகை நின்றுவிடுமா?

பதில்: நிற்காது. இறுதி மதிப்பீடு 20 விழுக்காட்டைத் தாண்டியவருக்கு மாதந்தோறும் கிடைப்பது, அவர் இழந்துவிட்ட சம்பாதிக்கும் திறனுக்கான ஈடு. வேலைக்குப் போவதால் இழந்த விரல் முளைத்துவிடுவதில்லை. ஆனால் இயலாமைப் பென்சன் வாங்குபவர்கள் தயவுசெய்து இந்தப் பதிலைத் தங்களுக்கென்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடல்நலமுள்ள ஒருவர் வழக்கமாக ஈட்டுவதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட ஈட்ட இயலாத நிலை நிரந்தரமாக இருக்கிறது என்பதால்தான் அவர்களுக்குப் பென்சன் தரப்படுகிறது. ஆகவே எந்த வேலையையும் ஏற்பதற்கு முன் அவர்கள் சொக்சோவிடம் எழுத்தில் கேட்க வேண்டும், பதிலையும் எழுத்தில் பெற வேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த்): என் கணவருக்குப் பக்கவாதத்தால் இடது கையும் காலும் பாதிக்கப்பட்டு, இயலாமைப் பென்சன் கிடைத்து வருகிறது. சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு அழைத்தார்கள். டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பரவாயில்லை டாக்டர், இப்போது கொஞ்சம் நன்றாக இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் எனக்கு உறக்கமில்லை. இனி ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும் அம்மா. ஆனால் அதற்கு முன் இந்தப் "பரவாயில்லை" குறித்துச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம்மவர்களின் மறுமதிப்பீட்டை நோயைவிட அதிகமாகக் கெடுப்பது இந்த ஒரு சொல்தான் என்பது என் நெடுநாளைய மனக்குறை.

டாக்டர் நலம் விசாரித்தால் குறை சொல்லக்கூடாது, பெரியவர்கள் முன் முனகக்கூடாது, இரக்கம் தேடுகிறவன் என்று பேர் எடுக்கக்கூடாது என்றெல்லாம் நாம் வளர்க்கப்பட்டிருக்கிறோம். கோயிலிலும் கல்யாண வீட்டிலும் அது நல்ல குணம். மருத்துவ வாரியத்தின் முன் அது தவறான தகவல். அங்கே அமர்ந்திருக்கும் டாக்டர்கள் உங்கள் கணவரை அதற்கு முன் பார்த்திராதவர்களாக இருக்கலாம். கையிலுள்ள அறிக்கை, தாங்கள் செய்யும் பரிசோதனை, அவர் வாயால் சொல்வது ஆகியவற்றை வைத்தே அவர்கள் எழுத வேண்டும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் அந்தச் சந்திப்பில் "நன்றாக இருக்கிறேன்" என்று அவர் சொன்னால், அதை அவர்கள் மரியாதைச் சொல்லாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், முன்னேற்றமாகவே பதிவு செய்வார்கள்.

என் சொந்த அண்ணனுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பிறையில் ஒரு தொழிற்சாலையில் அழுத்தும் இயந்திரத்தில் வலக்கை சிக்கி, இரண்டு விரல்களை இழந்து, மீதி விரல்களும் மடங்காமல் போனவர் அவர். தற்காலிக மதிப்பீட்டின் காலம் முடிந்து மீண்டும் அழைக்கப்பட்ட அன்று, மருத்துவமனைக் கார் நிறுத்துமிடத்தில் அவருடைய சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை நான்தான் போட்டுவிட்டேன். வெள்ளைச் சட்டை, அண்ணியார் கஞ்சிபோட்டு இஸ்திரி செய்தது. உள்ளே டாக்டர், சொந்தமாக உடை அணிய முடிகிறதா என்று மலாயில் கேட்டார். "போலே, டாக்டர்", முடிகிறது என்றார் அண்ணன். எனக்கு அருகில்தான் அமர்ந்திருந்தார். நானும் அவையடக்கம் கருதி வாய் திறக்கவில்லை. இறுதி மதிப்பீடு முன்பிருந்ததைவிடக் குறைந்து வந்தது. மேல்முறையீட்டில் ஓரளவு மீட்டோம், ஆனால் அதற்குள் பத்து மாதங்களுக்கு மேல் போய்விட்டன. அந்த வெள்ளைச் சட்டையை அவர் அதன்பின் போடவேயில்லை.

ஆகவே இப்போது செய்ய வேண்டியது இது. முடிவு இன்னும் வராததால், கோப்பில் கூடுதல் தகவல் சேர்க்கும்படி கேட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கணவரால் எழுந்து கழிவறைக்குப் போக எவ்வளவு நேரமாகிறது, யார் பிடித்துக்கொள்ள வேண்டும், இடது கையால் ஒரு கோப்பைத் தண்ணீரைத் தூக்க முடிகிறதா, கடந்த மூன்று மாதங்களில் எத்தனை முறை தடுக்கி விழுந்தார் என்பனவற்றை அப்படியே எழுதுங்கள். "மிகவும் கஷ்டப்படுகிறார்" என்ற வரி எதையும் தெரிவிக்காது. "குளியலறையில் இரண்டு முறை விழுந்தார்" என்ற வரி தெரிவிக்கும். தொடர்ந்து சிகிச்சை தரும் நிபுணரிடமிருந்து புதிய அறிக்கை ஒன்றையும் பிசியோதெரபி வருகை அட்டையின் நகலையும் இணைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்டதற்கான சாப் (அலுவலக முத்திரை) வாங்கிக்கொள்ளுங்கள். சாப் இல்லாத கடிதம் கொடுக்கப்படாத கடிதத்துக்குச் சமம் என்று நான் எழுதாத மாதமில்லை.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொல்லுங்கள் என்பதற்கு இல்லாததைச் சொல்லுங்கள் என்று பொருளில்லை. வீட்டில் ஊன்றுகோலின்றி நடப்பவர் வாரியத்துக்குச் சக்கர நாற்காலியில் போனால், தசையின் பருமனையும் மூட்டின் அசைவையும் தொட்டுப் பார்க்கும் டாக்டருக்கு அது உடனே தெரிந்துவிடும். பிறகு அவர் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். நல்ல நாளைப் பற்றி ஒரு வரி, மோசமான நாளைப் பற்றி ஒரு வரி, மாதத்தில் எது அதிகம் என்று ஒரு வரி. இவ்வளவு போதும்.

கேள்வி (கெப்போங்): அப்பாவின் சொக்சோவை நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: எந்தத் திட்டம், என்ன காரணம், கடிதத்தின் தேதி என்ன என்று எதையுமே எழுதாமல் ஒரு வரியில் கேட்டால், நானும் பாதிப் பதில்தான் தர முடியும். மருத்துவக் காரணம் என்றால் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்குப் போக வேண்டும், அதற்கு 90 நாள் கெடு. சொக்சோவுக்குக் கட்டிய மாதச் சந்தா போதவில்லை என்றோ, அது வேலை தொடர்பான விபத்தே இல்லை என்றோ சொல்லியிருந்தால், சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம் என்ற வேறு இடம் இருக்கிறது. கடிதம் கைக்கு வந்த நாளைப் பார்க்காமல், கடிதத்தில் அச்சாகியிருக்கும் தேதியிலிருந்தே நாள்களை எண்ணுங்கள். தம்பி, அப்பாவின் கடிதத்தை எடுத்து முழுவதுமாகப் படியுங்கள், இன்றே.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): சமூகநல இலாகாவின் ஓகேயூ (மாற்றுத் திறனாளி) அட்டை கையில் இருக்கிறது. அதைக் காட்டினால் சொக்சோ மறுமதிப்பீடு தேவையில்லை என்கிறார்களே?

பதில்: தவறு. அந்த அட்டை 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தின்படி நடைபெறும் பதிவு. சொக்சோ தன் சட்டத்தின்படி தானே மதிப்பிடும். ஊழியர் சேமநிதி வாரியத்தில் இயலாமைக் காரணத்தால் பணம் எடுத்தவர்களுக்கும், அங்கே கூடுதலாக 5,000 ரிங்கிட் உதவித்தொகை பெற்றவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி (பிறை): விழுக்காட்டைக் கூட்டித் தருகிறேன், வரும் தொகையில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். கோரிக்கைக்குக் கட்டணம் கிடையாது, டாக்டர்களின் முடிவை விற்கும் அதிகாரம் எவருக்கும் கிடையாது. அடையாள அட்டையின் நகலையோ வங்கிக் கணக்கு எண்ணையோ அவரிடம் கொடுத்துவிட்டீர்களானால், உடனே சொக்சோ அலுவலகத்துக்குப் போய்த் தெரிவியுங்கள்.

கேள்வி (கோலாலம்பூர்): மறுமதிப்பீட்டுக்குக் காத்திருக்கும்போது "வேலைக்குத் திரும்பும் திட்டம்" என்று சொல்லித் தொலைபேசியில் அழைத்தார்கள். பென்சனை நிறுத்துவதற்கான பொறி இது என்று நண்பர்கள் சொல்வதால் நான் எடுக்கவில்லை.

பதில்: 2007 முதல் நடந்துவரும் திட்டம் இது. காயமடைந்தவருக்கு சிகிச்சை, பயிற்சி, முதலாளியுடன் பேச்சு ஆகியவற்றை ஒருங்கிணைக்க ஓர் அலுவலர் நியமிக்கப்படுகிறார். மலாக்காவில் 2014-இல் திறக்கப்பட்ட துன் ரசாக் மறுவாழ்வு மையத்துக்கும் இதன்வழி அனுப்புகிறார்கள். பயிற்சியால் எழுந்து நடக்க முடிந்தவர்களை எனக்குத் தெரியும். பயிற்சிக்குப் போயும் இயலாமல் திரும்பியவர்களையும் தெரியும். இரண்டாம் வகையினருக்கு அந்தப் பயிற்சி அறிக்கையே, இவர் முயன்றும் முடியவில்லை என்பதற்கான வலுவான சான்றாக அமைந்தது. காரணமில்லாமல் மறுத்ததாகக் கோப்பில் பதிவானால் அது உங்களுக்கு எவ்வகையிலும் உதவாது. நண்பர்களின் பேச்சை ஒதுக்கிவிட்டுத் திரும்ப அழையுங்கள்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): தபால்காரரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே என் கணவருக்குக் கை நடுங்குகிறது. சாப்பாடு இறங்குவதில்லை. பென்சன் நின்றால் வீட்டு வாடகை எப்படி என்று இரவெல்லாம் கணக்குப் போடுகிறார். அவரிடம் என்ன சொல்வது?

பதில்: சகோதரி, "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர் நம்பமாட்டார், தன் பயத்தை உங்களிடமிருந்தும் மறைக்கத் தொடங்கிவிடுவார். இரவில் போடும் கணக்கைப் பகலில், இருவரும் சேர்ந்து, தாளில் போடுங்கள். வாடகை, மின்சாரம், மருந்து, பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து என்று எழுதி, பென்சன் இரண்டு மாதம் தடைப்பட்டால் எதை யாரிடம் எப்படிச் சமாளிப்பது என்று முடிவு செய்யுங்கள். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதில் அவமானம் எதுவுமில்லை. மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் வேலை செய்ய இயலாத மாற்றுத் திறனாளிகளுக்கு மாத உதவி இருக்கிறது. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள், இப்போதே விசாரியுங்கள். கடிதத்தைத் திறப்பது யார் என்பதையும் பேசிவையுங்கள். சில வீடுகளில் மனைவி முதலில் படிப்பது நல்லதாக இருந்திருக்கிறது.

சாப்பாடும் உறக்கமும் இரண்டு வாரங்களுக்கு மேல் கெட்டிருந்தால் அதுவும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய நோய்தான். கிளினிக்கில் சொல்லுங்கள், பதிவாகட்டும். வாழ்வே வேண்டாம் என்பதுபோல் அவர் ஒரு சொல் பேசினாலும் தனியே விடாதீர்கள். அரசின் 15999 உதவி எண்ணையோ மனத்துயரில் இருப்போருக்குச் செவிகொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பையோ அன்றிரவே அழையுங்கள். அத்துடன் உங்களிடம் ஒரு கேள்வி: நீங்கள் சாப்பிடுகிறீர்களா? கடிதத்தில் உங்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேள்வி (நிபோங் திபால்): என் மனைவி பத்து ஆண்டுகள் தொழிற்சாலையில் வேலை செய்து, மூட்டு வாதத்தால் ஓராண்டுக்கு முன் நின்றுவிட்டார். என் மறுமதிப்பீட்டின் முடிவு வந்த பிறகு அவருக்கும் சேர்த்து விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறோம். அவருக்கு வயது 51.

பதில்: காத்திருக்காதீர்கள். உங்கள் முடிவுக்கும் அவருடைய விண்ணப்பத்துக்கும் தொடர்பே இல்லை. இயலாமைப் பென்சனுக்கு 60 வயதுக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கிறது, சந்தாக் கணக்குதான் தெரிவதில்லை. அறிவிப்புக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருக்க வேண்டும் என்பது முதல் வழி. தொடர்ந்து வேலை செய்தவர் நின்ற பிறகு ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு வரைதான் இந்த வழி திறந்திருக்கும், அதில் ஓராண்டை ஏற்கெனவே செலவழித்துவிட்டீர்கள். சந்தா கட்டத் தொடங்கிய மாதத்திலிருந்து அறிவிப்பு வரை மூன்றில் இரண்டு பங்கு மாதங்களுக்குச் சந்தா இருந்தால் வேறொரு வழியும் உண்டு, பத்து ஆண்டு வேலை செய்தவருக்கு அது கைகொடுக்கலாம். ஆனால் ஒரு கதவு திறந்திருக்கும்போது அதை மூடவிட்டு இன்னொன்றைத் தேடுவானேன்? இந்த வாரத்துக்குள் செபராங் ஜெயா அலுவலகத்துக்கு அவரையே அழைத்துச் சென்று அறிவிப்பைக் கொடுங்கள். நிபுணரின் அறிக்கை தயாராகவில்லை என்றாலும் போங்கள், என்னென்ன குறைகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நகலில் சாப் வாங்க மறவாதீர்கள்.