முப்பதைத் தாண்டி ஆட்டிசம் அசெஸ்மென்ட்: நேரில் போவதா, வீடியோவிலா?

கோவையில் கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாக இருக்கிறேன். பெரியவர்களுக்கான ஆட்டிசம் அசெஸ்மென்டுக்குத் தேதி வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

திருப்பூர்: அக்கா, எனக்கு 34 வயது, பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நேரில் என்றால் நாலு மாதம் கழித்துத்தான் தேதி. ஆன்லைனில் அடுத்த மாதமே கிடைக்கிறது. எதை எடுக்கட்டும்?

ரிப்போர்ட் எதற்கு வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். உங்களை நீங்களே புரிந்துகொள்ளத்தான் என்றால் ஆன்லைன் ஒன்றும் மட்டமில்லை. பெரியவர்களுக்கு இதில் பெரும்பகுதி பேச்சுதான். சின்ன வயது, நட்பு, வேலை, சத்தம், துணி, சாப்பாடு என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே போவோம். அதை வீடியோவிலும் நன்றாகச் செய்யலாம். காந்திபுரத்தில் பஸ் இறங்கி, ஹாரன் சத்தத்தைக் கடந்து, வெயிட்டிங் ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறவர் என் அறைக்குள் நுழையும்போதே களைத்துப் போயிருப்பார். வீட்டிலிருந்து பேசும்போது அவரே வேறு ஆளாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வீடியோவில் தப்பிப்போகிற விஷயங்களும் உண்டு. மேசைக்குக் கீழே கை என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியாது. நெட் இழுத்தால், நீங்கள் பதில் சொல்லத் தாமதித்தீர்களா, லைன் தாமதித்ததா என்று பிரிக்க முடியாது. கூட்டுக் குடும்பமாக இருந்தால் கதவுக்குப் பின்னால் மாமியார் இருக்கும்போது மனம்விட்டுப் பேச வராது. அப்புறம், ஏடாஸ் என்ற பரிசோதனை நேருக்கு நேர் செய்வதற்காக உருவாக்கப்பட்டது. நன்றாகப் பேசும் பெரியவர்களுக்கு அதன் நான்காவது பகுதியைச் செய்வோம். முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதை அப்படியே வீடியோவில் செய்து மதிப்பெண் போட்டுத் தந்தால் நான் நம்ப மாட்டேன். ஏடாஸ் இல்லாமலும் முடிவுக்கு வரலாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பணம் கட்டுவதற்கு முன்னால் நாலு விஷயம் கேளுங்கள். பார்ப்பவர் மனநல மருத்துவரா, அல்லது ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்டா? மொத்தம் எத்தனை மணி நேரம்? வீட்டார் யாரிடமாவது பேசுவார்களா? காரணங்களோடு எழுதிய ரிப்போர்ட் தருவார்களா? அரை மணி நேரத்தில் முடித்து ஸ்கோர் ஷீட் அனுப்புகிற இடம் என்றால் நேரிலும் வேண்டாம், ஆன்லைனிலும் வேண்டாம். உங்களுக்கு என் யோசனை: முதல் இரண்டு அமர்வு வீடியோவில், கடைசி அமர்வு நேரில் வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கோபி: வயது 41. அம்மா இல்லை, அப்பாவுக்கு மறதி. சின்ன வயசைப் பற்றி யாருங்க சொல்லுவாங்க?

அறிகுறிகள் சிறுவயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது நோயறிதல் விதி. அதனால்தான் கேட்கிறோம். அதற்கு அம்மாதான் வேண்டும் என்றில்லை. பெரியம்மா, அமுச்சி (அம்மாவைப் பெற்றவர்), அண்ணன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாரானாலும் சரி. அவர்களிடம் “எனக்கு ஆட்டிசம் மாதிரி இருந்ததா?” என்று கேட்காதீர்கள், குழம்பிப் போவார்கள். நோம்பிக்கு மேளம் அடித்தால் என்ன செய்வேன், விருந்தாளி வந்தால் எங்கே இருப்பேன், என்ன பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டீர்கள் என்று கேளுங்கள்.

என்னிடம் வந்த ஒருவரின் சம்மதத்தோடு இதைச் சொல்கிறேன். அவருடைய பெரியம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “மாரியம்மன் கோயில்ல கம்பம் நட்டா, எடுக்கற வரைக்கும் இவன் சாளைக்குள்ள மூட்டைக்குப் பின்னாலதான் கெடப்பான். சோத்தை அங்கயே கொண்டுபோய் வெப்போம்.” சாளை என்றால் தோட்டத்து வீடு; நோம்பிக்கு நட்ட கம்பத்தை எடுக்கும்வரை கோயிலில் மேளம்தான். ஐம்பது கேள்வித்தாள் தராத தகவல் அந்த ஒரு பேச்சில் எனக்குக் கிடைத்தது. இப்படிப்பட்ட பேச்சைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லே வேண்டும், நீங்கள் சுருக்கி எழுதியது அல்ல. சொல்ல யாருமே இல்லையென்றால் பழைய ரேங்க் கார்டும் உங்கள் நினைவும் போதும். சாட்சி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது.

பொள்ளாச்சி: ஆன்லைன் டெஸ்டில் 50க்கு 38 வந்தது. இதுவே போதாதா?

போதாது. 50க்கு மதிப்பெண் தருவது ஏக்யூ என்ற, நாமே நிரப்பும் கேள்வித்தாள். அது 2001இல் இங்கிலாந்தில் வந்தது. 32 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான். பதற்றம் அதிகமுள்ளவர்களுக்கும் மதிப்பெண் ஏறலாம். நாடக அரங்கா, மியூசியமா என்றுகூட அதில் ஒரு கேள்வி இருக்கிறது. நம் ஊரில் பலர் எதை வைத்து அதற்குப் பதில் சொல்வார்கள்? ஒவ்வொரு பதிலுக்குப் பக்கத்திலும் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவத்தை எழுதி எடுத்துப் போங்கள். எனக்கு 38ஐவிட அதுதான் உதவும்.

ஈரோடு (இப்போது லீட்ஸில் வேலை): இங்கே என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) வரிசை நகரவே இல்லை. ‘ரைட் டு சூஸ்’ என்கிறார்களே, எடுக்கலாமா?

எடுக்கலாம் தம்பி. இங்கிலாந்தில் ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பரிந்துரை செய்தால், என்.எச்.எஸ். ஒப்பந்தம் உள்ள வேறு நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வேல்ஸ், ஸ்காட்லாந்தில் அந்த உரிமை இல்லை. பரிந்துரைத்த மூன்று மாதத்துக்குள் அசெஸ்மென்டைத் தொடங்க வேண்டும் என்பது அங்கத்திய தர அளவுகோல். நடப்பு வேறு என்பது உங்களுக்கே தெரியும். வீடியோவில் செய்கிறவர்கள் என்றால் ஈரோட்டிலிருந்து அம்மாவும் கலந்துகொள்ளலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அம்மா சொல்வதை நீங்களே மொழிபெயர்த்தால், சங்கடமானவற்றை அறியாமலே விட்டுவிடுவீர்கள்.

நாமக்கல்: மகனுக்கு 27 வயது. ஆன்லைன் ரிப்போர்ட்டை வைத்து மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கலாமா?

முடியாதுங்கண்ணா, அதற்கு அரசு மருத்துவக் குழுவின் முன்னால் நேரில்தான் போக வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 கூறுகள் கொண்ட ‘ஐசா’ என்ற இந்திய ஆட்டிசம் அளவுகோலில் பார்ப்பார்கள். 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. நன்றாகப் பேசும் பெரியவர்களுக்கு அதில் குறைவாக வருவதைப் பார்க்கிறேன். அதனால் தனியார் ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள்.

சூலூர்: நான் கண்ணைப் பார்த்துப் பேசுவேன், சிரிப்பேன். “உனக்கெல்லாம் ஒண்ணுமில்லை” என்று அனுப்பிவிட்டால்? தேதி வரும்வரை தூக்கமே வராது போல.

தூக்கத்துக்கு அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். இப்போதே மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416இல் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் இல்லை. அசெஸ்மென்டில் முதல் ஐந்து நிமிடத்திலேயே “இப்போது நான் சிரிப்பது பழக்கிக்கொண்ட சிரிப்பு” என்று சொல்லிவிடுங்கள். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படிக் கிடந்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். அசெஸ்மென்ட் அன்றைக்குப் புதுச் சேலை வேண்டாம். உடம்பை உறுத்தாத பழைய சுடிதாரிலேயே வாருங்கள்.