தூக்கம் குறைந்தால் கண் வறட்சி அதிகமாகுமா? சொட்டு மருந்து போட்டும் எரிச்சல் அடங்கவில்லையே?

அதிகமாகும். நீங்கள் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறவர்களுக்கு இந்தச் சந்தேகம் வராது. "போனைக் குறை, எல்லாம் சரியாகும்" என்று நமக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தப் புத்திமதியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பெருங்குடியில் அமெரிக்க மருத்துவமனைகளுக்கு பில்லிங் பார்க்கிற வேலை எனக்கு. சாயங்காலம் ஆறரைக்கு உட்கார்ந்தால் விடிகாலை மூன்றரை ஆகும். வீடு திரும்பும்போது கண் செக்கச்செவேல் என்று இருக்கும், தண்ணீர் வேறு வழியும். அபார்ட்மென்ட்டில் ஒரு பெரியவர், நான் தினமும் குடித்துவிட்டு வருவதாக என் அம்மாவிடமே சொல்லியிருக்கிறார். தண்ணீர் வழிகிற கண்ணில் என்ன வறட்சி என்று கேட்பவர்களுக்கு: மேற்பரப்பு காய்ந்து உறுத்தும்போது கண் அவசரமாகச் சுரக்கிற நீர் அது. தங்காமல் வழிந்துவிடும்.

திரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிற கண், திரையைப் பார்க்கும்போது அதில் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆனால் லீவில் விளாத்திகுளம் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது போனை நான் கீழேயே வைக்கவில்லை. மே மாத வெயில், கரிசல் புழுதி, அனல் காற்று. நியாயமாகக் கண் இன்னும் கெட்டிருக்க வேண்டும். ராத்திரி படுத்து விடிந்து எழுந்ததில் சில நாளிலேயே சொட்டு மருந்தின் ஞாபகமே வரவில்லை.

"ஒரு ஆள் கதை ஆதாரமாகுமா" என்று யாராவது வருவீர்கள், தெரியும். கண் நோய் இல்லாத ஆண்களை ஒரு ராத்திரி முழுக்க விழித்திருக்க வைத்துத் தென்கொரியாவில் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. தூங்காதவர்களுக்குக் கண்ணீர் சுரப்பு குறைந்தது, கண்ணீரில் உப்பின் செறிவு ஏறியது, கண்ணின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலமும் சீக்கிரம் உடைந்தது. அது போதாதென்று, தூக்கம் கெட்டவனுக்கு எந்த வலியும் கொஞ்சம் கூடுதலாகத்தான் தெரியும். எரிச்சலில் தூக்கம் பிடிக்காது, தூங்காததால் எரிச்சல் ஏறும்.

டாக்டர் கீழிமைக்குள் ஒரு சின்னக் காகிதப் பட்டையைச் சொருகி ஐந்து நிமிடம் எவ்வளவு நனைகிறது என்று பார்த்தார். அப்புறம் சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தார். அதைவிட உருப்படியானது அவர் கேட்ட கேள்வி: "எழுந்தவுடனே அதிகமா, பொழுது போகப் போக அதிகமா?" எழுந்தவுடனே என்றேன். தூங்கும்போது இமை முழுசாக மூடுகிறதா என்று வீட்டில் பார்க்கச் சொன்னார். அக்கா போனில் வீடியோ எடுத்துக் காட்டினாள். வெள்ளை விழி லேசாகத் தெரிகிறது, மேலே ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது! இப்போது படுக்கும்முன் கண்ணுக்கு ஜெல் போடுகிறேன், ஃபேனும் முகத்துக்கு நேராக இல்லை. தும்மலுக்கு செட்டிரிசின் போடுகிற பழக்கம் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த வகை மாத்திரைகள் கண்ணைக் காயவைக்கும்.

எல்லாம் செய்தும் ஆடி மாதம் வந்தால் எனக்குப் பழைய கதைதான். கூழ் ஊற்றுகிறோம் என்று காலையிலேயே தெருமுனையில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். நான் சாமிக்கு விரோதி இல்லை, வரிசையில் நின்று கூழ் வாங்கிக் குடிக்கிறவன்தான். ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை தடை என்று 2000ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. அந்த நேரத்தில் நான் ஆபீசிலும் பாதி வழியிலும் இருக்கிறேன். பகலில் தூங்குகிறவனை விதி எழுதியவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. சொன்னால் "பகல்ல என்ன தம்பி தூக்கம்?" என்று சிரிக்கிறார்கள்.

சரி, உங்கள் சொட்டு மருந்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் தேவைப்பட்டால், பிரிசர்வேட்டிவ் (மருந்து கெடாமலிருக்கக் கலக்கிற பொருள்) சேர்க்காததாகக் கேளுங்கள். சேர்த்ததை அடிக்கடி விட்டால் அதுவே உறுத்தும். சிவப்பைப் போக்குகிற மருந்து வேறு வகை, அதை மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். நிறுத்தினதும் சிவப்பு திரும்ப வரும். நான் டாக்டர் இல்லை. வலியோடு பார்வையும் மங்கினால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றே போய்க் காட்டுங்கள்.